இல்லமும் அறிவியலும்: பவளம் தசை உதிர்க்கும்போது

கடல்நீர்த் தொட்டி என்பது முன்னர்க் காட்சிச்சாலைகளில் மட்டுமே காணக்கூடியதாக இருந்தது. இன்று மும்பையிலும் புனேயிலும் தில்லியிலும் அடுக்குமாடி இல்லங்களின் கூடத்திலேயே அதனைக் காண்கிறோம். நம் சங்கத்து இல்லங்கள் சிலவற்றிலும் நீல விளக்கின் கீழ்ப் பவளங்கள் விரிந்து நிற்கின்றன. அவற்றைப் பேணும் அன்பர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் அடிக்கடி வருவது இதுவே: ‘நேற்றுவரை நன்றாக இருந்த பவளம் இன்று அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டு வருகிறது. தசை நூல் நூலாக உதிர்கிறது. என்ன மருந்து இடலாம்?’

சுருங்கச் சொன்னால், மருந்து கடைசியில் வருவது. நீர்தான் முதலில் வருவது. இவ்வுண்மையை விளக்கமாகக் கூறுவதற்கே இத்திங்கள் இப்பகுதியை ஒதுக்குகிறோம்.

முதலில் பவளம் யாதென அறிந்துகொள்வோம். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் நம் எண்ணத்தில் முதலில் தோன்றும். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வளரும் வேறோர் இனம். பழங்காலத்தில் மேற்குக் கடல் வழியாக முசிறித் துறைக்கு வந்திறங்கிய பண்டங்களுள் பவளமும் ஒன்று. தொட்டியில் வளர்வது பாறை கட்டும் பவளம். அது செடியன்று, கல்லுமன்று, விலங்கு. சிறு வாயும் அதனைச் சுற்றி உணர்விரல்களும் உடைய நுண்ணுயிர்கள் நூறாயிரமாகக் கூடி வாழும் குடியிருப்பே ஒரு பவளம். அவை தமக்கென எழுப்பிக்கொண்ட சுண்ணாம்பு வீடுதான் நாம் காணும் கல். அக்கல்லின்மீது மெல்லிய ஆடைபோலத் தசை போர்த்தியிருக்கிறது. தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்கள் குடியிருந்து, ஒளியைக்கொண்டு உணவு சமைத்துத் தம்மை ஏற்றுக்கொண்ட பவளத்திற்கும் ஊட்டுகின்றன. பவளத்தின் நிறத்திற் பெரும்பகுதி அந்தப் பாசியின் கொடையே.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்வது முறையன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு கற்பவளங்களும் கடல்விசிறிகளும் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காப்பு அவற்றிற்கும் உண்டு என்பது இதன் பொருள். நம் கடலிலிருந்து உயிருள்ள பவளத்தையோ, இறந்த பவளக் கல்லையோ எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் கற்பவளங்களும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உரிய அனுமதி ஆவணங்கள் இன்றி அவை வந்திருக்க இயலாது. ஆகவே, வாங்கும்போதே ஆவணத்தைக் கேட்டுப் பெறுக. காட்டாத கடையில் வாங்கற்க. ‘ராமேசுவரத்துச் சரக்கு’ என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னால், அந்தக் கடையின் படியை விட்டு உடனே இறங்கிவிடுக. கடைக்காரர் தயங்காமல் தரும் சீட்டு ஒன்றே அப்பவளம் திருட்டுப் பொருளன்று என்பதற்குச் சான்று.

இனி நோயைப் பார்ப்போம். வெள்ளை நிறம் கண்டவுடன் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. வெளுப்பு வேறு, தசை உதிர்தல் வேறு. வெளுத்த பவளத்தில் பாசி வெளியேறிவிட்டது. தசை இன்னும் இருக்கிறது. கண்ணாடிபோன்ற அத்தசையினூடே வெள்ளைக் கல் தெரிகிறது. உற்று நோக்கினால் உணர்விரல்கள் அசைவதைக் காணலாம். பெரும்பாலும் வெப்பம் மிகுதியாலோ ஒளி மிகுதியாலோ இது நேர்வது. தசை உதிர்ந்த இடத்திலோ கல் மட்டுமே எஞ்சும். உயிர்த்தசைக்கும் வெறுங்கல்லுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். சில நாட்களில் அக்கல்லின்மேல் பச்சைப்பாசி படரும். வெளுத்ததற்கு நிழலும் குளிர்ச்சியும் தந்து பொறுத்திருக்கலாம். உதிர்வதற்கோ காரணத்தைத் தேடி உடனே செயற்பட வேண்டும்.

உதிர்தலிலும் இருவகை உண்டு. ஒன்று விரைந்தது, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ ஒரு கிளை முழுவதும் தோலுரிந்து போகும். அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தில் இது மிகுதி. மற்றொன்று மெல்ல நடப்பது. வாரக்கணக்கில் எல்லைக்கோடு சிறிது சிறிதாக மேலேறும். யூஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு. பழுப்பு நிறக் கூழ் ஒன்று தசைமேல் படிந்து, தொட்டால் புகைபோலக் கலையும். அதற்குள் ஒற்றையணு நுண்ணுயிர்கள் அழுகிய தசையை உண்டு திரிகின்றன. அக்கூழ் மிதந்து சென்று அண்டைப் பவளத்தின்மேல் படிந்தால் அதனையும் பற்றக்கூடும்.

காரணங்கள் பலவாயினும் இல்லத் தொட்டியில் முதற்காரணம் நீரின் திடீர் மாற்றமே. கடல் பெரியது, ஒரே நாளில் அதன் தன்மை மாறிவிடாது. நம் தொட்டியோ ஒரு குடத்தின் உறவு. ஒரு கரண்டி உப்புக்கும் அது மாறும். பவளத்திற்கு ஏற்ற அளவுகளை அன்பர்கள் குறித்து வைத்துக்கொள்வது நலம். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். உப்பு ஆயிரத்தில் 35 பங்கு. ஒப்படர்த்தியாகச் சொன்னால் ஏறக்குறைய 1.026. காரத்தன்மை 7 முதல் 9 டி.கே.ஹெச். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதியாக இருக்கலாகாது. அடியோடு இல்லாமற் போவதும் தீதே. ஊட்டம் முற்றும் வற்றிய நீரில் காரத்தன்மையை மட்டும் உயர்த்தினால், கிளைகளின் நுனி கருகித் தசை விலகுவதைப் பலரும் கண்டிருக்கின்றனர். இவ்வெண்களைவிட முதன்மையானது ஒன்று உண்டு, அது நிலைபேறு. என்றும் 7.5-இல் நிற்கும் காரத்தன்மை நன்று. இன்று 7, நாளை 10, மறுநாள் 8 என ஊசலாடுவது தீது.

அடுத்த காரணம் அண்டை வீட்டுச் சண்டை. பவளங்கள் அசையாதனவாயினும் சாதுக்கள் அல்ல. இரவில் நீண்ட கொடுக்கிழைகளை நீட்டி, எட்டிய பவளத்தைச் சுட்டுவிடும். ஒரே பக்கத்தில் மட்டும் தசை போயிருந்தால் அப்பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்க. மூன்றாவது காரணம் பூச்சிகள். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு அதன் நிறத்திலேயே ஒளிந்திருக்கும்; வட்ட வட்டமாகக் கடித்த தழும்பே அதன் கையெழுத்து. மான்டிபோராவைத் தின்னும் வெண்ணிற ஓடில்லா நத்தை இலையின் அடிப்புறத்தில் வாழ்வது. நான்காவதாகத்தான் பாக்டீரியாவைச் சொல்ல வேண்டும். விப்ரியோ இனத்துள் சில பவளத்திற்குப் பகை என்பது உண்மையே. ஆனால் முன்னமே நலிந்த உடலில் அவை எளிதிற் புகும்.

நகர இல்லங்களுக்கே உரிய காரணங்களும் சில உண்டு. கொசு ஒழிக்கும் தெளிப்பு மருந்து, தரை துடைக்கும் பினாயில், தீபாவளிக்கு முன் சுவருக்குப் பூசும் வண்ணத்தின் ஆவி ஆகியவை காற்றுக்குழாய் வழியே தொட்டிக்குள் இறங்கும். மீனுக்கு இடும் செம்பு கலந்த மருந்து பவளத்திற்கு நஞ்சு. குழாய்நீரில் உள்ள குளோரினும் தீங்கு செய்வதே, ஆர்.ஓ. முறையில் வடித்து, அயனியும் நீக்கிய நீரையே பயன்படுத்துக.

இப்போது செய்முறைக்கு வருவோம். உதிர்தல் கண்ட முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, வெப்பத்தையும் உப்பையும் காரத்தன்மையையும் அளந்து ஒரு தாளில் எழுதுக. இரண்டாவது, கடந்த பத்து நாட்களில் புதிதாக என்ன செய்தோம் என்று இல்லத்தார் அனைவரையும் கேட்க. விளக்கை மாற்றினோமா, புதிய உப்புப் பொட்டலம் பிரித்தோமா, மின்தடை நேர்ந்ததா, குழந்தை உணவுப் புட்டியைக் கவிழ்த்ததா என்பனவற்றிலேயே விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். மூன்றாவது, உதிரும் தசையைக் குழாய்வழி உறிஞ்சி வெளியேற்றுக. அது நீரில் மிதந்து அழுகினால் மற்றப் பவளங்களுக்கும் கேடு.

அளவு பிறழ்ந்திருந்தால் திருத்துக. ஆனால் விரைந்து திருத்தற்க. ஏறிய காரத்தன்மையை ஒரே வேளையில் இறக்குவது இரண்டாவது அடியாகும். ஒரு நாளில் 1 டி.கே.ஹெச். அளவுக்கு மேல் ஏற்றவும் வேண்டா, இறக்கவும் வேண்டா. தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதே வெப்பமும் அதே உப்பும் உடைய புதுநீரால் மாற்றலாம். நஞ்சு கலந்த ஐயம் இருந்தால் வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கரி இடுக. நீரோட்டம் தேங்கும் மூலையில் பவளம் இருந்தால் இடம் மாற்றுக. இவற்றோடு மெல்ல நடக்கும் உதிர்தல் பல வேளை தானே நின்றுவிடும்.

விரைந்து உரியும் கிளைப்பவளத்திற்கு இந்தப் பொறுமை உதவாது. அங்கே கத்தரியே மருத்துவர். தசை நன்றாக உள்ள கிளைகளை, எல்லைக்கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உயிர்ப்பக்கம் தள்ளி வெட்டுக. எல்லைக்கோட்டிலேயே வெட்டினால் நோய்பட்ட தசை துண்டிலும் தொடரும். எலும்பு வெட்டும் துருவேறாக் கத்தரி இதற்கு ஏற்றது. வெட்டிய துண்டுகளைப் புதிய சிறு கற்களில் சூப்பர் க்ளூ வகைக் கெட்டிப்பசையால் ஒட்டித் தனித் தொட்டியில் வைக்க. தாய்ப் பவளம் போனாலும் ஒரு துண்டு பிழைத்தால் குடி தொடரும். வாழைக்குக் கன்று எப்படியோ, பவளத்திற்குத் துண்டு அப்படி. ஐந்து துண்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காமல், நீரோட்டமும் ஒளியும் சற்றே வேறுபட்ட இடங்களில் பிரித்து வைப்பது அறிவுடைமை.

அடுத்தது மருந்து முழுக்கு. பவளத்திற்கென்றே விற்கும் அயோடின் கரைசலையோ பூச்சிக்கொல்லிக் கரைசலையோ வாங்கி, சிட்டையில் குறித்த அளவுப்படி, தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் கலக்குக. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிட முழுக்கே போதும். பின்னர் வேறொரு கிண்ணத்துத் தொட்டிநீரில் அலசி இடுக. முழுக்கிட்ட நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றற்க. பழுப்புக் கூழ் நோய்க்கு முதலில் கூழை உறிஞ்சி எடுத்து, அதன்பின் முழுக்கிடுக. இறந்த தலையை வெட்டி நீக்குக. தட்டைப்புழுவுக்கு ஒரு முழுக்குப் போதாது. முழுக்கு புழுவைக் கொல்லுமே யன்றி முட்டையைக் கொல்லாது. வெறுங்கல்லில் ஒட்டிய முட்டைகளைச் சுரண்டியோ வெட்டியோ நீக்கி, வாரம் ஒரு முறையாகப் பல வாரம் முழுக்கிட வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, புதிதாக வாங்கிய பவளத்தை முழுக்கிட்டுச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே தொட்டிக்குள் விடுக. வரும் நோயை வாசலில் நிறுத்துவதே மலிவான மருத்துவம்.

உயிர்க்கொல்லி மருந்தாகிய ஆன்டிபயாட்டிக் பற்றி அன்பர்கள் வினவுவதுண்டு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மயாமி நகரை அடுத்த கடலில் பவளங்களின் தசை உதிர்வது கண்டறியப்பட்டது. அந்நோய் ஆண்டுக்காண்டு பரவி ஃப்ளோரிடாவின் பவளத்திட்டு முழுவதையும் பற்றியது. 2018 முதல் கரீபியக் கடலின் பிற நாடுகளிலும் தோன்றியது. இருபதுக்கு மேற்பட்ட பவள இனங்கள் அதற்கு இரையாகின. அங்குள்ள அறிவியலார் அமாக்சிசிலின் மருந்தை மெல்லக் கசியவல்ல பசையொன்றில் குழைத்து, நீருள் மூழ்கி, நோயின் எல்லைக்கோட்டின்மேல் கையால் அப்பினர். பல பவளங்களில் அப்பிய இடத்தில் நோய் நின்றது. ஆயினும் அதே பவளத்தில் வேறிடத்தில் புதுப்புண் தோன்றுவதை அம்மருந்து தடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் மூழ்கிப் பார்த்து அப்ப வேண்டியதாயிற்று. ஆகவே தீங்கற்ற பாக்டீரியாவைக்கொண்டே நோயை எதிர்க்கும் முறையையும் ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டனர்.

இச்செய்தியைப் படித்துவிட்டு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது தகாது. காரணம் இரண்டு. ஃப்ளோரிடா நோய் அக்ரோபோரா இனத்தைத் தாக்குவதில்லை. நம் தொட்டிகளில் மிகுதியாகத் தசை உதிர்ப்பதோ அவ்வினமே. பெயர் ஒத்திருப்பதால் நோயும் ஒன்றாகிவிடாது. ஒருவர் காய்ச்சலின் மருந்தை மற்றவர் காய்ச்சலுக்குக் கொடுப்பது போன்றதே அது. மேலும், உயிர்க்கொல்லி மருந்து தொட்டிநீரைத் தூய்மை செய்யும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கலாம். சாக்கடைக்குச் சென்ற நீரோ மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கத் துணையாகும். அக்கிருமிகள் நம் குழந்தைகளைத் தேடி வர நெடுநாள் ஆகாது. கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொன்னாலன்றி, அதுவும் தனிக்கலத்திலன்றி, அம்மருந்தைத் தொடற்க.

கைகாப்பும் கண்காப்பும் அணியாமல் இவற்றுள் எதையும் செய்யற்க. பொத்தான்போல் விரியும் ஸோவாந்திட், பாலித்தோவா ஆகிய இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை படர்ந்த கல்லை வேகவைத்தாலோ, காயவிட்டுத் தூரிகையால் தேய்த்தாலோ, நஞ்சு காற்றில் கலந்து மூச்சுக்குள் செல்லும். 2018-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த குடும்பத்தினரும், உதவிக்கு வந்தோர் சிலரும் மருத்துவமனை சேர நேர்ந்தது. பழைய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவலாம் என்று எண்ணும் இல்லத்தரசியர் இதனை மனத்திற் கொள்க. சமையலறைப் பாத்திரமும் பவள வேலையும் என்றும் சேரலாகாது.

இனி, வெளியூர் வாழும் நமக்கே உரிய ஓர் இடர். பள்ளி விடுமுறை வந்தால் மூன்று வாரம், நான்கு வாரம் எனச் சொந்த ஊருக்குப் புறப்படுகிறோம். கதவைப் பூட்டுகிறோம், சாவி அண்டை வீட்டாரிடம். அதுவோ மே மாதம். தில்லியிலும் நாகபுரியிலும் வெயில் உச்சத்தில் நிற்கும் காலம். தொட்டிநீர் ஆவியாகும்போது நீர்தான் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் உப்பு ஏறுகிறது. நல்லெண்ணம் கொண்ட அண்டை வீட்டார் குறைந்த அளவை நிரப்ப, உப்பு கரைத்த நீரை ஊற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஊரிலிருந்து திரும்பும்போது பவளக் காட்டிற்குப் பதில் வெள்ளைக் கற்குவியல் காத்திருக்கும்.

இதற்கு வழி எளிது. புறப்படுமுன் ஏழு நாள் எவ்வளவு நீர் குறைகிறது என்று அளக்க. அதனைக்கொண்டு நாள்தோறும் வேண்டும் நன்னீரைத் தனித்தனிப் புட்டிகளில் நிரப்பித் தேதி ஒட்டுக. உப்புப் பொட்டலத்தைப் பெட்டியில் பூட்டுக. உணவையும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து வைக்க. தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டக் கோடு ஒன்று வரைக. செய்ய வேண்டியவற்றை அண்டை வீட்டார் படிக்கும் மொழியில், மராத்தியிலோ இந்தியிலோ வங்காளியிலோ, ஐந்தே வரிகளில் எழுதி ஒட்டுக; தமிழில் எழுதி ஒட்டிவிட்டுப் போவது நமக்கு நாமே எழுதிக்கொண்ட கடிதமாகும். மின்தடைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்று இருக்கட்டும். நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு விசிறி வறண்ட தில்லியில் நன்கு குளிர்விக்கும். ஈரக்காற்றுள்ள மும்பையில் அத்துணைப் பயன் தராது, அங்கே குளிர்விப்பான் வேண்டும். புறப்படுவதற்கு முந்திய ஒரு மாதத்தில் புதிய பவளமோ, புதிய விளக்கோ, புதிய மருந்தோ வேண்டா.

உதிர்தல் நின்றபின் வெறுங்கல்லான பகுதியைப் பார்த்து மனம் தளர வேண்டுவதில்லை. நீர் நிலைபெற்று, பாசி அடராமல் இருந்தால், எல்லையில் எஞ்சிய தசை மீண்டும் கல்லின்மேல் படர்ந்து மூடுவதுண்டு. திங்கள் பலவாகலாம். வாரந்தோறும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துத் தேதியிட்டு வைத்தால், எல்லைக்கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஐயமின்றித் தெரியும். முற்றும் இறந்துபோனதைக் கடலிலோ கழிமுகத்திலோ எறியற்க. தொட்டி நோய் கடலுக்குச் செல்ல நாம் வழியாகலாகாது.

தொட்டியில் ஒரு கிளையைக் காப்பது இத்துணை அரிதென்றால், கடலில் ஒரு திட்டைக் காப்பது எத்துணை அரிது! நம்மவர் பலரின் சொந்த மாவட்டங்களாகிய தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்திற்கும் அருகே, 1986-இல் அமைந்த மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்து இப்பவளங்களே நிற்கின்றன. முன்னர்ச் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டினர். தீவுகளுள் இரண்டு நீருள் மூழ்கிவிட்டன. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கடல் வெப்பமிகுந்து அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உடைந்த துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். இல்லத்தில் ஒரு துண்டை ஒட்டி வளர்க்கும் அதே கலைதான். களம் மட்டும் பெரிது. ஊருக்குச் செல்லும்போது பிள்ளைகளை அக்கரைக்கு அழைத்துச் சென்று இதனைக் கூறுக. கரையில் விற்கும் பவளக் கல்லை மட்டும் வாங்கித் தராதீர்கள்.

அடுத்த திங்கள் இப்பகுதியில், மாடி வீட்டுப் பால்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி எழுதுவோம். அதுகுறித்து வினா உடையோர் சங்கச் செயலகத்திற்கு எழுதி அனுப்புக.